பாட்டை உரைக்கும் பேழைகள்

மதிப்பு மிக்க ஒரு நூலைப் பட்டுத் துணியில் பொதிந்து, வேலைப்பாடு மிகுந்த பேழையில் வைத்து, கை எட்டாத உயரத்தில் ஏற்றி வைப்பது பல நாட்டவர்க்கும் பொதுவான வழக்கம். அவ்வழக்கத்தில் பணிவு இருக்கிறது, அன்பும் இருக்கிறது. ஆனால் ஆண்டுகள் பல கழிந்த பின்னர், தூசு துடைப்பதற்காக அப்பேழையை ஒருநாள் கீழே இறக்கும்போது, உள்ளே இருக்கும் நூலைக் கடைசியாகப் படித்தவர் யார் என்று கேட்டால் விடை கிடைக்காமல் போவதும் உண்டு. பேழை பளபளக்கிறது, நூல் உறங்குகிறது. ஓர் எழுத்துக்கு நாம் செய்யும் சிறப்பு, அந்த எழுத்தை வாழ வைக்கிறதா, அல்லது அடக்கம் செய்துவிடுகிறதா?

இந்தக் கேள்விக்கு விடை தேடப் புகுவோர்க்கு, ஜப்பானியர் தம் கவிதைகளுக்காகச் செய்த அரக்குப் பேழைகளைப்போல் உதவக்கூடியவை வேறு இல்லை என்றே சொல்லலாம். அப்பேழைகளைப் பற்றி எழுதியவர் பலர். பொன்தூளின் நேர்த்தி, முத்துச் சிப்பியின் ஒளி, மெருகின் ஆழம் ஆகியவற்றை அவர்கள் வியந்து பாராட்டியிருக்கின்றனர். அந்தப் பாராட்டில் குற்றமில்லை. எனினும், கவிதைக்கென்று செய்யப்பட்ட ஒரு பொருளை அதன் பொன்னைக் கொண்டே மதிப்பிடுவது, ஓர் உரைநூலை அதன் அட்டையைக் கொண்டு மதிப்பிடுவதற்கு ஒப்பாகும். நாம் கேட்க வேண்டிய கேள்வி வேறு. இந்தப் பேழை தன் பாட்டை எவ்வாறு படித்திருக்கிறது? அந்தக் கேள்வியைக் கேட்டவுடன், புகழின் வரிசை தலைகீழாக மாறுவதைக் காணலாம்.

மரத்தின் கண்ணீர்

முதலில் பொருளைப் பற்றிச் சில சொற்கள். நாம் அரக்கு என்று சொல்வது பலாசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் வாழும் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசின். ஜப்பானியர் பயன்படுத்துவது அதுவன்று. அது உருஷி என்னும் மரத்தின் பட்டையைக் கீறி எடுக்கும் பால். நம் நாட்டு அரக்கைக் குறிக்கும் ‘லாக்’ என்ற சொல்லே ஐரோப்பிய மொழிகளில் நுழைந்து, பின்னர் கிழக்காசியாவின் இந்த மரப்பாலுக்கும் பெயராக ஒட்டிக்கொண்டது. பெயர் நம்முடையது, பொருள் அவர்களுடையது. தமிழில் வேறு சொல் இல்லாமையால் அரக்கு என்றே இங்கும் வழங்குகிறோம்.

உருஷி மரம் பத்துப் பதினைந்து ஆண்டுகள் வளர்ந்த பிறகே பால் எடுக்கத் தகுதி பெறுகிறது. ஒரு பருவம் முழுவதும் கீறிக் கீறி எடுத்தாலும் ஒரு மரத்திலிருந்து கிடைப்பது ஏறத்தாழ 200 கிராம்தான். அத்துடன் மரத்தை வெட்டிவிடுவர். அடியிலிருந்து புதுத் தளிர் வரும்வரை காத்திருப்பர். பச்சைப் பால் மேனியில் பட்டால் அரிப்பும் கொப்புளமும் உண்டாகும். அது இறுகும் விதமும் விந்தையானது. மற்ற வண்ணங்கள் வெயிலில் உலரும். இதுவோ ஈரம் செறிந்த காற்றில்தான் இறுகும். ஆகவே பூசிய பொருளை ஈரப்பதமுள்ள அறையில் அடைத்து வைத்து, இறுகிய பின் தேய்த்து, மீண்டும் பூசி, மீண்டும் தேய்க்க வேண்டும். மெல்லிய மரப் பலகை, அதன்மேல் துணி, அதன்மேல் மண்தூள் கலந்த பூச்சு, அதன்மேல் கரிய அரக்கு என்று படிந்து படிந்துதான் ஒரு பேழை உருவாகிறது.

இறுதியில் ஓவியம். கலைஞன் ஈர அரக்கால் கோடு வரைகிறான். அது இறுகும் முன் சிறு குழாய் வழியாகப் பொன்தூளைத் தூவுகிறான். தூள் கோட்டில் ஒட்டிக்கொள்கிறது. இதற்கு ‘மக்கியெ’ என்று பெயர். ‘தூவிய ஓவியம்’ என்பது அதன் நேர்ப்பொருள். பொன்னைத் தட்டையாகவே விடுவது ஒரு முறை. அடியில் மேடு கட்டி உருவத்தைப் புடைக்கச் செய்வது மற்றொரு முறை. பொன்னின் மேல் மீண்டும் அரக்கைப் பூசி மறைத்து, பிறகு கரியால் தேய்த்து உள்ளிருக்கும் பொன்னை வெளிக்கொணர்வது மூன்றாவது முறை.

இவ்வாறு செய்யப்பட்ட பொருள் எவ்வளவு உறுதியானது என்பதற்கு வரலாறு ஒரு சான்று தருகிறது. 1873இல் வியன்னாவில் நடந்த உலகக் கண்காட்சிக்குச் சென்ற ஜப்பானியக் கலைப்பொருள்களை ஏற்றி வந்த ‘நீல்’ என்ற பிரெஞ்சுக் கப்பல், 1874இல் இஸு தீபகற்பத்தின் அருகே மூழ்கியது. நெடுநாள் கடலடியில் கிடந்த பின் மீட்கப்பட்ட அரக்குப் பொருள்கள் சில, கெடாமல் இருந்தன. பேழை கடலையும் வெல்லும். பாட்டு எதை வெல்லும் என்பதே நாம் காண வேண்டியது.

பாட்டும் பெட்டியும்

ஜப்பானியரின் பழைய கவிதை வடிவம் வாக்கா. ஐந்து, ஏழு, ஐந்து, ஏழு, ஏழு என்று ஐந்து அடிகள். மொத்தம் 31 ஒலியலகுகள். அவ்வளவுதான். ஏறத்தாழ 905ஆம் ஆண்டில் அரச ஆணையால் தொகுக்கப்பட்ட ‘கொக்கின் வாக்காஷு’ என்னும் தொகைநூலில் ஆயிரத்து நூறு பாடல்கள்வரை இருக்கின்றன. அதன்பின் ஐந்து நூற்றாண்டுகளில் மேலும் இருபது தொகைநூல்கள் அரச ஆணையால் எழுந்தன.

இத்துணைச் சிறிய பாட்டு, எழுதப்படும் தாளுக்கும் வைக்கப்படும் இடத்துக்கும் பெருமதிப்புப் பெற்றது. ‘தன்ஸாக்கு’ என்னும் தாள் ஏறத்தாழ 36 சென்டிமீட்டர் நீளமும் 6 சென்டிமீட்டர் அகலமும் உடைய ஒரு கீற்று. அதற்கு நீண்டு ஒடுங்கிய பேழை. ‘ஷிக்கிஷி’ என்பது ஏறக்குறையச் சதுரமான தாள். அதற்கேற்பச் சதுரப் பேழை. இவை எழுதி முடித்த பாட்டை வைக்கும் இடங்கள். ‘ஸுஸுரிபாக்கோ’ என்னும் எழுதுபேழையோ பாட்டு பிறக்கும் இடம். மை உரைக்கும் கல், தூரிகை, நீர்த்துளி விடும் சிறு குப்பி ஆகியவை அதனுள்ளே இருக்கும். கவிதைக்காகச் செய்யப்பட்டவற்றில் மிகச் சிறந்த வேலைப்பாடுகள் இந்த எழுதுபேழைகளிலேயே காணப்படுகின்றன.

பேழையின்மேல் பாட்டைப் பொறிக்கும் வழக்கமும் பழையது. ஆனால் வெளிப்படையாகப் பொறிப்பதில்லை. நாணல் புல்லின் வளைவுகளிலும், பாறையின் விளிம்புகளிலும், பறவையின் சிறகுகளிலும் எழுத்துகளை மறைத்து வைப்பர். இதனை ‘அஷிதே’, அதாவது நாணல் எழுத்து என்பர். கியோத்தோ தேசிய அருங்காட்சியகத்தில் உள்ள, 15ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த ‘ஷியோநோயாமா’ எழுதுபேழையில், கடற்கரைக் காட்சியினிடையே கொக்கின் வாக்காஷுப் பாடல் ஒன்றின் எழுத்துகள் இவ்வாறு ஒளிந்திருக்கின்றன. பாட்டை முன்னரே அறிந்தவர் அவ்வெழுத்துகளைக் கண்டுகொள்வார். அறியாதவர் பாறையை மட்டும் காண்பார். இங்கேயே ஒரு தத்துவம் தொடங்கிவிடுகிறது. பேழை சொல்லித் தருவதில்லை, நினைவூட்டுகிறது.

இந்த மரபில் வந்த மூன்று புகழ்பெற்ற வேலைப்பாடுகளை இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பொன்னில் மறைந்த தாய்

முதலாவது, நகோயா நகரில் தொக்குகாவா கலை அருங்காட்சியகத்தில் இருக்கும் ‘ஹத்சுனே’ சீர்வரிசை. ஜப்பானை ஆண்ட தொக்குகாவா இயெமித்சு தம் மகள் சியோஹிமேக்காகச் செய்வித்தது. கோஅமி என்னும் அரக்குக் கலைஞர் மரபின் பத்தாம் தலைமுறையினரான நாகாஷிகே அதைச் செய்தார். எழுதுபேழை, நூல்பேழை, அலமாரி, ஒப்பனைப் பெட்டி என்று பல பொருள்கள். பெரும்பாலானவற்றில் ஒரே கருத்தைக் கொண்ட ஓவியம். இன்று அத்தொகுதியில் 70 பொருள்கள் தேசியச் செல்வமாகப் போற்றப்படுகின்றன. பொழுது சாயும்வரை பார்த்தாலும் அலுக்காது என்ற பொருளில் ‘ஹிகுராஷி’ச் சீர் என்ற பெயரும் அதற்கு உண்டு.

அந்த ஓவியத்தின் கரு எது? 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் முராசாக்கி ஷிக்கிபு என்ற பெண்மணி எழுதிய ‘கெஞ்சி கதை’யின் 23ஆம் அத்தியாயத்தில் வரும் ஒரு பாட்டு. அக்காஷி என்ற ஊரைச் சேர்ந்த ஒரு பெண்ணின் மகளைத் தந்தையாகிய கெஞ்சி வாங்கிச் சென்று, உயர்குடியில் பிறந்த தம் மற்றொரு துணைவியிடம் வளர்க்கக் கொடுக்கிறார். குழந்தையின் எதிர்காலத்துக்கு அதுவே நல்லது என்று தாயும் நெஞ்சைக் கல்லாக்கிக்கொண்டு இசைகிறாள். பின்னர் தாயும் மகளும் ஒரே மாளிகை வளாகத்தில் வெவ்வேறு பகுதிகளில் வாழ்கின்றனர். ஆயினும் தாய் மகளைப் பார்க்க முடிவதில்லை. புத்தாண்டு நாளில் அவள் கூடைகளிலும் பெட்டிகளிலும் பரிசுகளை அனுப்புகிறாள். பைன் கிளையில் அமர்ந்த ஒரு செயற்கைப் பறவையையும் ஒரு பாட்டையும் உடன் அனுப்புகிறாள். ஜப்பானிய மொழியில் ‘மத்சு’ என்றால் பைன் மரம். காத்திருத்தல் என்றும் பொருள். நம் இலக்கணத்தார் இரட்டுற மொழிதல் என்பார்களே, அதுதான். ஆண்டுக்கணக்காகக் காத்திருக்கும் எனக்கு, இன்றைக்காவது அந்த இளம்பறவையின் முதற்குரல் கேட்கக் கூடாதா என்பது பாட்டின் கருத்து. ஹத்சுனே என்பதற்கு முதற்குரல் என்றே பொருள்.

புத்தாண்டு, பைன், பறவை எல்லாம் மங்கலச் சின்னங்கள். அதனால் மணச்சீருக்கு இப்பாட்டைத் தேர்ந்திருக்கின்றனர். மாளிகைத் தோட்டமும், மரங்களும், நீரோடையும் பொன்னில் புடைத்து எழுகின்றன. பாட்டின் எழுத்துகள் அவற்றிடையே சிதறிக் கிடக்கின்றன. தொக்குகாவாக் குடும்பத்தின் மூவிலைச் சின்னம் எங்கும் பதிக்கப்பட்டிருக்கிறது. தொழில்திறனில் இதற்கு மேல் ஒன்றைக் காண்பது அரிது.

இனி மணமகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். சியோஹிமே பிறந்தது 1637. இச்சீருடன் அவள் ஒவாரிக் குலத்தின் மித்சுதோமோவுக்கு மணமுடித்து அனுப்பப்பட்டது 1639. மணமகனுக்கு 14 வயது. மணமகளுக்கு இரண்டரை வயது. அவளைப் பெற்ற தாய் 1640இல் இறந்தார்.

மகளைப் பிரிந்த ஒரு தாயின் ஏக்கத்தைப் பாடும் பாட்டு, தாயிடமிருந்து பிரிக்கப்படும் ஒரு குழந்தையின் சீர்வரிசையில்! இதைச் செய்வித்தவர்கள் அந்தப் பாட்டைப் படித்தார்களா? படித்திருப்பார்கள், கெஞ்சி கதையை அறியாத அரண்மனை இல்லை. ஆனால் மங்கலச் சொற்களை எடுத்துக்கொண்டு, அவற்றைச் சொன்னவளை விட்டுவிட்டார்கள். பைன் மரம் வந்தது, காத்திருத்தல் வரவில்லை. பறவை வந்தது, அதன் குரலுக்கு ஏங்கிய செவி வரவில்லை. ‘மத்சு’ என்ற சொல்லின் இரு பொருள்களில் பொன்னுக்கு ஏற்றதை மட்டும் பேழை படித்திருக்கிறது. அவ்வளவு பொன்னிடையே ஓர் இடமாவது வெறுமையாக விடப்பட்டிருந்தால் அத்தாயின் குரல் நமக்குக் கேட்டிருக்கும். குறை கலைஞருடையது என்று சொல்வதற்கில்லை. ஆணையிட்டவர் கேட்டது பெருமையை. நாகாஷிகே பெருமையைக் குறைவின்றிக் கொடுத்தார். இருப்பினும், பாட்டைப் படித்தல் என்ற அளவுகோலால் அளந்தால், உலகம் வியக்கும் இந்தச் சீர்வரிசை மூன்றில் கடைசியாகவே நிற்கிறது.

விடுபட்ட இரண்டு எழுத்துகள்

இரண்டாவது, தோக்கியோ தேசிய அருங்காட்சியகத்திலுள்ள ‘ஃபுனபாஷி’ எழுதுபேழை. ஃபுனபாஷி என்றால் படகுப் பாலம். படகுகளை வரிசையாக நிறுத்தி அவற்றின்மேல் பலகையிட்டு அமைப்பது. இதை உருவாக்கியவர் ஹொனாமி கோயெத்சு (1558–1637). வாள்களைத் தீட்டி மதிப்பிடும் தொழிற்குடும்பத்தில் பிறந்து, எழுத்துக்கலையில் ஈடிணையற்றவர் எனப் பெயர் பெற்றவர் அவர்.

பேழையின் மூடி வியப்பூட்டும் அளவுக்கு மேடாக உப்பியிருக்கிறது. பொன் அலைகளின்மேல் பொன் படகுகள் வரிசையாக நிற்கின்றன. அவற்றின் குறுக்கே, மூடியின் ஒரு புறத்திலிருந்து மறுபுறம்வரை, அகன்ற ஈயத் தகடு ஒன்று கருமையாகப் படிந்திருக்கிறது. அதுதான் பாலம். மேலே வெள்ளியால் ஆன எழுத்துகள். பத்தாம் நூற்றாண்டில் தொகுக்கப்பட்ட ‘கொசென் வாக்காஷு’வில் உள்ள, மினமோத்தோ நோ ஹித்தோஷியின் பாடல் அது. கிழக்குச் சாலையில் சானோ என்ற இடத்தில் உள்ள படகுப் பாலத்தைச் சொல்லி, அதுபோல் என் நெஞ்சம் இடைவிடாது உன்பால் நீண்டுகொண்டேயிருக்கிறது, இதை அறிவார் எவருமிலர் என்று முடிகிறது பாட்டு. பாலத்தைப் போடுதலுக்கும் நெஞ்சை வைத்தலுக்கும் அங்கே ஒரே சொல்; பாலத்தைக் கடத்தலும் காலமெல்லாம் ஏங்கலும் ஒரே சொல்லில் ஒலிக்கின்றன.

கோயெத்சு என்ன செய்தார் என்பதைப் பாருங்கள். பாட்டை எழுதினார், ஆனால் அதில் ‘படகுப் பாலம்’ என்ற சொல்லை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். படிப்பவரின் நா சானோ என்ற ஊர்ப்பெயரோடு நின்றுவிடுகிறது. அடுத்த சொல் எங்கே என்று கண் தேடுகிறது. படகுகளும் ஈயப் பட்டையும் கண்ணில் படுகின்றன. ‘ஃபுனபாஷி’ என்று வாய் தானாகச் சொல்கிறது. பாட்டு நிறைவு பெறுகிறது.

இதை ஒரு விளையாட்டு என்று சொல்லி ஒதுக்குவாரும் உண்டு. எழுத்து விடுபட்ட இடத்தில் படத்தை வைப்பது முன்னரே வழக்கில் இருந்ததுதான் என்றும் அவர்கள் சொல்லக்கூடும். வழக்கம் பழையதே. ஆனால் கோயெத்சு விட்டது ஏதோ ஒரு சொல்லையன்று, பாலத்தை. பாலம் என்பது இடைவெளியைக் கடப்பதற்கு உரியது. பாட்டில் ஓர் இடைவெளியை உண்டாக்கி, அதைக் கடக்கும் வேலையை நம்மிடம் ஒப்படைக்கிறார் அவர். பாட்டின் பொருளைப் படிப்பவர் செயலாகவே ஆக்கிவிட்டார்.

அவர் தேர்ந்த உலோகத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். பொன் பேழையின் நடுவே பாலத்துக்கு மட்டும் ஈயம் ஏன்? வண்ண வேறுபாட்டுக்காக என்று சொல்வது எளிது. ஆனால் பாட்டு சொல்வது எவரும் அறியாத ஏக்கத்தை. ஒளிர்வது பொன்னின் இயல்பு. ஒளியை விழுங்குவது ஈயத்தின் இயல்பு. பேழையில் மிகப் பெரிய உருவமும் அதுவே, மிக மங்கலானதும் அதுவே. சொல்லப்படாத அன்பின் கனத்தை அந்த உலோகம் சுமக்கிறது. இத்தகைய ஒரு குறிப்பை உரையாசிரியர் ஒருவர் எழுதியிருந்தால் நாம் பக்கத்தை மடித்து வைத்திருப்போம்.

எழுத்தும் இல்லை, ஆளும் இல்லை

மூன்றாவதும் அதே அருங்காட்சியகத்தில் உள்ளது. ஒகாத்தா கோரின் (1658–1716) செய்த ‘யத்சுஹாஷி’ எழுதுபேழை. கோரின், கியோத்தோவில் அரசவைக்கும் செல்வக் குடும்பங்களுக்கும் ஆடை விற்ற வணிகர் மரபில் வந்தவர்.

இப்பேழைக்கு அடிப்படை ‘இஸே கதைகள்’ என்னும் பத்தாம் நூற்றாண்டு நூலின் ஒன்பதாம் பகுதி. தலைநகரில் தனக்கு இடமில்லை என்று எண்ணிய ஒருவன் நண்பர் சிலருடன் கிழக்கு நோக்கிப் புறப்படுகிறான். மிக்காவா நாட்டில், சிலந்தியின் கால்களைப்போல் ஆறு பல கிளைகளாகப் பிரியும் ஓர் இடம். எட்டுப் பலகைகளால் பாலம் இட்டிருந்ததால் யத்சுஹாஷி, அதாவது எட்டுப் பாலம் என்று அதற்குப் பெயர். நீர்க்கரையில் அமர்ந்து, கட்டிக் கொண்டுவந்த உலர்ந்த சோற்றை உண்கிறார்கள். எதிரே ‘ககித்சுபத’ என்ற நீலமலர்கள் பூத்து நிற்கின்றன. அம்மலரின் பெயரிலுள்ள ஐந்து ஒலிகளையும் ஐந்து அடிகளின் முதலில் வைத்துப் பயணத்தின் துயரைப் பாடு என்கிறார் ஒருவர். நம் சித்திரகவி பாடியோர் மேற்கொண்ட நிபந்தனைகளை ஒத்தது இது. அவன் பாடுகிறான். உடுத்திப் பழகிய ஆடைபோல் தன்னோடு பழகிய மனைவியைத் தலைநகரில் விட்டு வந்ததை எண்ணிப் பாடுகிறான். கேட்ட அனைவரும் அழுதார்கள். கண்ணீர் விழுந்து உலர்ந்த சோறு ஊறிப்போயிற்று என்று கதை முடிகிறது.

கோரினின் பேழை இரண்டு அடுக்குகளைக் கொண்டது. மேலடுக்கில் எழுதுகருவிகள், கீழடுக்கில் தாள்கள். கரிய அரக்கின்மேல் மலர்களை முத்துச் சிப்பியாலும், இலைகளைப் பொன்னாலும், பாலத்தின் பலகைகளை ஈயத்தாலும், அதன் கால்களை வெள்ளியாலும் அமைத்திருக்கிறார். அவ்வளவே. பயணி இல்லை, நண்பர்கள் இல்லை, சோறும் கண்ணீரும் இல்லை. வெளிப்புறத்தில் ஆற்று நீர்கூட வரையப்படவில்லை. கரிய அரக்கே நீராக நிற்கிறது. பாட்டின் ஓர் எழுத்தும் இல்லை.

பாலம் மூடியின்மேல் ஏறி, விளிம்பில் மடிந்து, பக்கங்களில் இறங்குகிறது. ஒரே இடத்திலிருந்து பார்த்தால் அது முழுவதும் தெரியாது. பேழையைத் திருப்ப வேண்டும். அல்லது நாமே சுற்றி வர வேண்டும். பயணியை ஏன் வரையவில்லை என்பதற்கு இங்கே விடை கிடைக்கிறது. பாலத்தின்மேல் செல்லும் வழிப்போக்கர் நாமே.

இதனினும் ஆழமான ஒன்று உண்டு. அந்தப் பயணி தன் பாட்டுக்குள் மலரின் பெயரை ஒளித்து வைத்தான். மேலோட்டமாகக் கேட்பவர்க்கு அது மனைவியை எண்ணிய பாட்டு. அடிகளின் முதல் ஒலிகளைக் கூட்டுபவர்க்கே மலர் தோன்றும். கோரின் அதைத் திருப்பிச் செய்தார். மலரைக் காட்டி அதற்குள் பாட்டை ஒளித்து வைத்தார். மேலோட்டமாகப் பார்ப்பவர்க்கு இது மலர்ப்பேழை. கதையை அறிந்தவர்க்கே அந்த மனைவியும், உடுத்திப் பழகிய ஆடையும், நனைந்த சோறும் தோன்றும். பாட்டின் பொருளை மட்டுமன்றி, அது எவ்வாறு கட்டப்பட்டது என்பதையும் படித்த ஒருவராலேயே இதைச் செய்ய முடியும். இவ்வளவு நெருக்கமாகப் பாட்டைப் படித்த பேழை வேறொன்று உண்டா என்று ஐயுறுகிறேன்.

படிக்கத் தெரியாத கண்கள்

இங்கே ஒரு மறுப்பு எழலாம், எழ வேண்டும். கதை தெரியாதவர்க்குக் கோரினின் பேழை எதைச் சொல்லும்? ஒன்றும் சொல்லாது. நாகாஷிகேயின் சீர்வரிசையோ, கெஞ்சி கதையைக் கேள்விப்படாதவரையும் தன் பொன்னால் நிறுத்தி வைக்கும். அப்படியானால் எது மேலானது?

இந்த மறுப்பில் உண்மை இருக்கிறது. ஐரோப்பியச் செல்வர்கள் ஜப்பானிய அரக்குப் பொருள்களைப் பேரார்வத்துடன் சேர்த்தார்கள். 1780இல் ஆஸ்திரியப் பேரரசி மரியா தெரேசா இறந்தபோது, ஏறத்தாழ 50 அரக்குப் பேழைகள் அவர் மகளும் பிரான்சின் அரசியுமான மரி அந்துவானெத்துக்கு வந்து சேர்ந்தன. அவர் அவற்றைப் பேரன்போடு காத்தார். மேலும் பல சேர்த்தார். வெர்சேயில் அவற்றைக் கண்டவர்கள் பொன்னைக் கண்டார்கள், மெருகைக் கண்டார்கள். நாணலின் வளைவில் ஓர் எழுத்து ஒளிந்திருக்கக்கூடும் என்ற எண்ணமே அவர்களுக்கு எழ வழியில்லை. அதே நூற்றாண்டில் பாரிசின் தச்சர்கள் ஜப்பானிய அலமாரிகளை அறுத்து, அவற்றின் அரக்குப் பலகைகளைப் பிரெஞ்சு மேசைகளில் ஒட்டினார்கள். அழகு அவர்களுக்குத் தெரிந்தது; அழகின் மொழி தெரியவில்லை.

ஆகவே மறுப்புக்கு என் விடை இதுதான். படிப்பவரை நம்பியே இருக்கும் பேழை பலவீனமானது, ஆம். ஆனால் பாட்டும் அப்படிப்பட்டதுதானே? 31 ஒலிகள் காற்றில் கரைந்துவிடக் கூடியவை. அவற்றை யாராவது ஒருவர் நினைவில் வைத்திருக்க வேண்டும். தானும் அதே பலவீனத்தை ஏற்றுக்கொண்ட பேழையே பாட்டுக்கு உண்மையான தோழன். பொன்னால் தன்னைத் தற்காத்துக்கொண்ட பேழை, பாட்டு மறக்கப்பட்ட பின்னும் பெருமையோடு வாழும். அந்தப் பெருமையில் பாட்டுக்குப் பங்கில்லை.

ஜப்பானிய இல்லங்களின் எளியதொரு பேழை இதற்குச் சான்று பகர்கிறது. 13ஆம் நூற்றாண்டில் புஜிவாரா நோ தெய்க்கா தொகுத்ததாகக் கருதப்படும், நூறு கவிஞரின் நூறு பாடல்களைக் கொண்ட ‘ஹியக்குனின் இஷ்ஷு’ பின்னாளில் சீட்டு விளையாட்டாயிற்று. ஃபுனபாஷிப் பாட்டைப் பாடிய ஹித்தோஷிக்கும் அந்த நூற்றில் ஓர் இடம் உண்டு. மொத்தம் 200 சீட்டுகள். அவற்றை வைக்க ஓர் அரக்குப் பெட்டி. ஒருவர் பாட்டைத் தொடக்கத்திலிருந்து படிப்பார். விரித்து வைத்த நூறு சீட்டுகளில் பாட்டின் பின்பாதி மட்டுமே எழுதியிருக்கும். முதல் ஒலிகளைக் கேட்டவுடனேயே, எஞ்சிய பகுதி இன்னதென்று நினைவிலிருந்து எடுத்து, அந்தச் சீட்டைத் தட்டிப் பறிக்க வேண்டும். புத்தாண்டு நாள்களில் பெரியவரும் சிறியவரும் கூடி இதை ஆடுவர்; இன்றும் ஆடுகின்றனர். பெட்டியிலிருப்பது பாதிப் பாட்டு. மறுபாதி பிள்ளைகளின் நெஞ்சில் இருக்கிறது. விளையாடி விளையாடிச் சீட்டுகளின் விளிம்புகள் தேய்ந்துபோகும். அந்தத் தேய்வைவிடச் சிறந்த அணியை எந்தப் பேழைக்கும் எந்தக் கலைஞனும் செய்ததில்லை என்பேன்.

கடலடியிலும் கெடாத அரக்குக்கு ஒரு பகை உண்டு, அது ஒளி. வெயிலொளி நெடுநாள் பட்டால் அதன் மெருகு மங்கிவிடும். ஆதலால் அருங்காட்சியகங்கள் இத்தகைய பேழைகளை மங்கிய விளக்கில், சில நாள்களுக்கு மட்டும் காட்டிவிட்டு மீண்டும் இருளில் வைத்துவிடுகின்றன. பேழைக்கு அதுவே பொருத்தம். பாட்டுக்கு அப்படியன்று. பாட்டு வெளியே வர வேண்டும். நாவில் புரள வேண்டும். பிழையோடாவது குழந்தைகள் அதைச் சொல்ல வேண்டும்.

கோயெத்சுவின் பேழையில் அந்த இரண்டு எழுத்துகள் இன்றும் இல்லை. நானூறு ஆண்டுகளாக அதன்முன் வந்து நின்றவர்கள் ஒவ்வொருவரும் தம் வாயால் அதை நிரப்பியிருக்கிறார்கள். அவ்வாறு நிரப்பும் வாய்கள் உள்ளவரை அது கவிதைப் பேழை. இல்லாத நாளில் அது விலைமதிப்புள்ள ஒரு பெட்டி. நம் வீடுகளின் உயரமான தட்டில் பொதிந்து வைத்திருக்கும் நூல்களுக்கும் விதி இதுவே. அவற்றை இறக்குவோம், தூசு துடைப்பதற்கு மட்டுமன்று.